ஒருநாள் விளக்குமாறு

சிரமதானம் என்ற சொல்லுக்கு நமது நாட்டில் இன்று ஓர் உருவம் உண்டு. காலை எட்டரை மணி. முன்னால் ஒரு பதாகை. அதன் நடுவில் பிரதம அதிதியின் படம், ஓரத்தில் அனுசரணையாளரின் இலச்சினை. பின்னால் ஒரே நிற டீ சேர்ட் அணிந்த முப்பது நாற்பது பேர். எல்லார் கையிலும் இன்னும் மண்படாத புது விளக்குமாறு. பத்தரைக்குப் பணிஸும் பால்தேநீரும். மதியத்துக்குள் முகநூலில் படங்கள். மறுநாள் காலை, அந்தப் பணிஸ் சுற்றி வந்த பொலித்தீனையும் சேர்த்து, சபைத் தொழிலாளி ஒருவர் அதே இடத்தைக் கூட்டிக் கொண்டிருப்பார். அவரைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

இதை எழுதுவதால் பொதுப்பணியில் ஈடுபாடுள்ள நண்பர்கள் சிலர் கோபிக்கக்கூடும். குப்பை பொறுக்கப் போகிறவர்களை நான் பரிகசிக்கவில்லை. பூங்காவிலும், ஆற்றங்கரையிலும், பஸ் தரிப்பிடத்திலும் கிடக்கும் கழிவை எடுப்பது நல்ல காரியம். இதை யார் மறுப்பார்? எனது வழக்கு வேறு. ஒருநாள் கூட்டுகிறவனுக்கு மாலையும், தினமும் கூட்டுகிறவளுக்கு இளக்காரமும் என்று பங்கிட்டு வைத்திருக்கும் ஒரு சமூகத்தில் சிரமதானம் துப்புரவின் நாடகமாகவே முடியும். நாடகம் முடிந்ததும் குப்பை திரும்பி வரும். வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஊவாவையே எடுத்துக்கொள்வோம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியிலுள்ள லிப்டன் இருக்கை, பதுளைக்கு அருகே துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போகும் காட்டுப் பாதை — இம்மூன்றுக்கும் வருகிறவர்கள் எதை விட்டுச் செல்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் உறை, சோற்றுப் பொலித்தீன், உடைந்த மதுப் போத்தல். பாறையிலும் மரப்பட்டையிலும் காதலர் பெயர்கள். விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இளைஞர் குழுக்கள் வந்து இவற்றைப் பொறுக்கி மூடைகளில் கட்டி வைக்கின்றன. மெச்சத்தக்க உழைப்பு.

ஆனால் கட்டி வைத்த மூடை எங்கே போகிறது? இந்தக் கேள்வியைப் பதாகை பிடித்த எவரும் கேட்டதாக நான் அறியேன். மூடை பாதையோரத்தில் நிற்கும். சபை லொறி அன்றைக்கு வந்தால் ஏறிப் போகும். வராவிட்டால் நாய் கிழிக்கும், மழை பெய்யும், சரிவில் இறங்கிக் கானுக்குள் விழும், கானிலிருந்து ஓயாவுக்குப் போகும். பதுளு ஓயா மகாவலியில் கலக்கிறது. நமது மலையில் பொறுக்கிக் கட்டிய மூடை கீழ்நாட்டின் தண்ணீரில் அவிழ்கிறது. இதில் உடைந்த போத்தல் மட்டும் எங்கும் போவதில்லை. தேயிலைச் செடியின் அடியிலேயே கிடந்து, கொழுந்து பறிக்கிறவளின் காலுக்காகக் காத்திருக்கும்.

லொறி வந்து ஏற்றிப்போனாலும் கதை முடிவதில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு அன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து விழுந்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பின் சுத்தமான வீதிகளிலிருந்து அகற்றப்பட்டதெல்லாம் யாருடைய வீட்டுப் பின்புறத்தில் குவிந்திருந்தது என்பதை அன்றுதான் நாடு பார்த்தது. ஏழைகளின் கூரைக்கு மேலே. ஓர் இடத்தைச் சுத்தம் செய்தோம் என்று சொல்லும்போது, இன்னோர் இடத்தை அசுத்தம் செய்தோமா என்ற கணக்கையும் கூடவே பார்க்க வேண்டும். பார்க்காத சுத்தம், கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அழுக்கைத் தள்ளிவிடும் வித்தை மாத்திரமே.

அந்த அனர்த்தத்துக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 2017 செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம் சோறு சுற்றும் பொலித்தீன் தாள் தடைசெய்யப்பட்டது. 2021 மார்ச் 31 தொடக்கம், உணவும் மருந்தும் தவிர்ந்த சிறிய பக்கெட்டுகளுக்குத் தடை வந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் சம்பளம் முழுப் போத்தல் ஷாம்பு வாங்க இடம் கொடுக்காதவர் பக்கெட்டைத்தான் வாங்குவார். அவர் வீசிய பக்கெட்டைக் காட்டி அவரது ஒழுக்கத்தை விமர்சிப்பது எளிது. பக்கெட் ஏன் அவருக்கென்று தயாராகிறது என்று கேட்பது சிரமம். நமது சிரமதானங்களில் இந்தச் சிரமம் மட்டும் இடம்பெறுவதில்லை.

இனி, எனக்கு உண்மையாகவே ஆத்திரம் ஊட்டுகிற விடயத்துக்கு வருகிறேன்.

“தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது.” பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் கடை வாசல்களில் நின்று இதைச் சொல்லாதவர் குறைவு. படித்தவர்கள் சொல்கிறார்கள். ஐவேளை வுழு செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறைகளிலும் இது ஒலிக்கிறது. லயத்துக்கு முன்னால் கிடக்கும் குப்பையை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனவே லயத்துக்கு முன்னால் குப்பை ஏன் கிடந்தது என்பதற்கான இன்னோர் ஆதாரத்தை நான் காட்ட வேண்டியிருக்கிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையாக இருந்து வந்தது. தோட்டம் தனியார் நிலம், அங்குள்ள வசதிகள் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு என்பது நியாயம். 2018இல்தான் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. முப்பத்தொரு வருடங்கள்! அந்த முப்பத்தொரு வருடங்களும் தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். வாக்குப் பெட்டி தோட்டத்துக்குள் ஏறி வந்தது. குப்பை லொறி மட்டும் தோட்டத்து எல்லையிலேயே திரும்பிப் போனது.

நிருவாகமாவது பொறுப்பை ஏற்றதா? துரைமார் காலத்தில் லயங்களைச் சுற்றிக் கூட்டவும் கான் வழிக்கவும் வாசக்கூட்டி என்று ஓர் ஆள் இருந்தார். தொழிலாளர் மீதுள்ள அன்பினால் அல்ல. கொலராவும் கொக்கிப்புழுவும் வந்தால் பெரட்டில் ஆள் குறையும் என்பதனால். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, நானறிந்த தோட்டங்கள் பலவற்றில் அந்த ஆளும் இல்லாமற்போனார். சபைக்குச் சட்டம் இடம் தரவில்லை, கம்பனிக்குச் செலவு பிடிக்கவில்லை. நடுவில் இருந்தவர்களின் வாசலில் குப்பை தங்கியது. தங்கிய குப்பையைப் பார்த்துவிட்டு நாம் அவர்களுடைய ‘பழக்கவழக்கம்’ பற்றித் தீர்ப்பு எழுதினோம்.

லயத்துக் காம்பராவுக்குள் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஆறேழு பேர் வாழும் அறை. சாணி மெழுகிய தரையும், துலக்கி அடுக்கிய பாத்திரமும், இஸ்தோப்பில் கூட்டிப் பெருக்கிய மண்ணும் உங்களை வெட்கப்படுத்தும். தனது எல்லைக்குள் இருப்பதை அந்தப் பெண் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறாள், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, பீலியில் வரிசை நின்று தண்ணீர் பிடித்து. அவளது எல்லைக்கு அப்பால் பொதுவாக உள்ளதைச் சுத்தமாக வைத்திருக்க ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்பை மறுத்தவர்கள் அவளல்லர்.

பொலித்தீன் தோட்டத்தில் முளைக்கும் பயிரும் அல்ல. அது பட்டணத்துக் கடைகளிலிருந்து ஏறிப் போகிறது. அந்தக் கடைகளில் கணிசமானவை யாருடையவை? நம்மவர்களுடையவை. அரைக் கிலோ சீனிக்கு ஒரு பை, இரண்டு சவர்க்காரத்துக்கு இன்னொரு பை என்று நாமே கட்டிக் கொடுத்துவிட்டு, அந்தப் பை லயத்துக் கானில் கிடப்பதைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறோம். இதைச் சொன்னால் ‘சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறார்’ என்பார்கள். சமூகத்துக்கு உள்ளேயே, சமூகத்தின் சஞ்சிகையிலேயே சொல்வதற்குப் பெயர் காட்டிக்கொடுப்பு என்றால், பிறகு எங்கேதான் பேசுவது?

சிரமதானம் என்ற சொல் எங்கிருந்து புறப்பட்டது என்பதையும் ஞாபகப்படுத்த வேண்டும். 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரியின் ஆசிரியர் ஏ.ரீ. ஆரியரத்ன தமது மாணவர்களை அழைத்துக்கொண்டு குருணாகல் மாவட்டத்தின் கனத்தொளுவ என்ற கிராமத்துக்குப் போனார். சிங்கள சமூகத்தில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ரொடியா மக்களின் கிராமம் அது. அங்கே தங்கி, அம்மக்களோடு சேர்ந்து உழைத்தார்கள். சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம் அது. ஆரியரத்ன 2024 ஏப்ரலில் காலமானபோது அஞ்சலிகள் பல வந்தன. அவரது பிற்கால அரசியல், பொருளாதாரக் கருத்துகளில் உடன்படாதவர்கள் இருக்கலாம். அந்த முதல் அடியின் அர்த்தத்தை மறுக்க முடியாது. யாரைத் தொடக்கூடாது என்று ஊர் சொன்னதோ அவர்களுடைய வீட்டு முற்றத்தில் போய் மண்வெட்டி பிடிப்பதுதான் சிரமதானத்தின் முதற்பொருள். அந்த ஆசிரியர் மாணவர்களுக்குக் கற்பித்த பாடம் குப்பை பற்றியதல்ல, மனிதர் பற்றியது.

அதற்கும் முன்னால், 1901இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. தொண்டர்களிடம் காந்தி சுட்டிக்காட்டியபோது அது தங்கள் வேலையல்ல, தோட்டியின் வேலை என்றார்கள். அவர் ஒரு விளக்குமாறு கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். தாம் பாவிப்பதற்கு மட்டுமே அன்று தம்மால் சுத்தம் செய்ய முடிந்தது என்பதையும் தமது சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். அந்த மனிதர் 1927 நவம்பரில் இலங்கை வந்தபோது பதுளைக்கும் வந்தார். அவர் வந்து போனதை நாம் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். அந்த விளக்குமாற்றை மாத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

பிறரை விடுவோம், நமது வீட்டுக்குள் வருவோம். பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற நபிமொழியை அறியாத முஸ்லிம் சிறுவன் இல்லை. தூய்மையை ஈமானின் பாதியாகச் சொல்லும் நபிமொழி நமது பாடசாலைச் சுவர்களிலெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. சிரமதான மேடைகளில் இவ்விரண்டையும் சொல்லாமல் மௌலவிமார் இறங்குவதில்லை. மூன்றாவது ஒன்று உண்டு. அது மேடைகளில் அதிகம் வருவதில்லை.

மதீனாவின் பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். உம்மு மிஹ்ஜன் என்று சில அறிவிப்புகளில் அவரது பெயர் வருகிறது. ஓர் இரவில் அவர் இறந்துபோனார். ஸஹாபாக்கள் அந்த மரணத்தைப் பெரிதாக எண்ணாமல், நபியவர்களுக்கு அறிவிக்காமலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சில நாட்கள் அவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று சொல்லப்பட்டதும், ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் அவருக்காகத் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

கவனிக்க வேண்டியது என்ன? கூட்டுகிற பெண் ஒருத்தி வரவில்லை என்பதைக் கண்டுகொள்ளும் கண். அவளது மரணம் அறிவிக்கத் தகுந்த மரணம் என்ற தீர்ப்பு. நமது பள்ளிவாசலை, நமது கடைத்தெருவை, நமது பாடசாலை மலசலகூடத்தைக் கழுவுகிறவர் நான்கு நாட்கள் வராவிட்டால் நாம் அவரைப் பற்றி விசாரிக்கிறோமா, அல்லது நாற்றத்தைப் பற்றி முறைப்பாடு செய்கிறோமா? அவருடைய பெயர் நமக்குத் தெரியுமா? நோன்புக் கஞ்சி கொடுத்து முடிந்த பின் வாசலில் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளை விடியற்காலையில் யார் பொறுக்குகிறார் என்று, அந்தக் கஞ்சியைக் குடித்த நாம் திரும்பிப் பார்த்ததுண்டா? அவருக்கு வேறொரு தேநீர்க் கோப்பை வைத்திருக்கும் கடைகள் நமது ஊர்களில் ஒன்றுமே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சாதி இஸ்லாத்தில் இல்லை என்பது உண்மை. முஸ்லிம்களின் கோப்பை அலுமாரியில் இல்லை என்று அதனாலேயே ஆகிவிடாது.

கொழும்பிலும் கண்டியிலும் நகரத்தைக் கூட்டுவதற்கென்றே வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். கண்டி மஹியாவையில் அவர்களுடைய சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கு அந்த நகரம் கொடுத்தது நெருக்கடியான குடியிருப்பும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியைச் சொல்லக் கூசும் நிலையும்தான். சகோதர எழுத்தாளர்களைக் கேட்கிறேன். நமது சஞ்சிகைகளில் இயற்கையைப் பற்றி, பச்சை மலைகளைப் பற்றி, பூமித்தாயின் கண்ணீரைப் பற்றி எத்தனை கவிதைகள் வந்திருக்கின்றன! இவற்றுள் கூட்டுகிறவர் எத்தனையில் வருகிறார்? மலையாளத்தில் தகழி 1947இலேயே ‘தோட்டியின் மகன்’ எழுதிவிட்டார். சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குத் தந்துவிட்டார். நமது மலைகளில் அந்த மகனும் மகளும் இல்லையா? இருக்கிறார்கள். நமது வகுப்பறைகளில் கடைசி வாங்கில் இருக்கிறார்கள்.

சுவர் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் குப்பைக்கு அடுத்ததாகச் சிரமதானக்காரர்களின் கோபத்துக்கு ஆளாவது சுவரில் கிறுக்குகிறவன். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு தெருவுக்கு வந்தார்கள். சுவரொட்டி கிழித்து, கிறுக்கல் அழித்து, மதில்களில் ஓவியம் தீட்டினார்கள். அந்த உற்சாகம் பொய்யல்ல. ஆனால் அச்சுவர்களில் எழுந்த காட்சிகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அரசர்கள் இருந்தார்கள், போர்வீரர்கள் இருந்தார்கள், தாகபைகள் இருந்தன. அந்த ஏப்ரலில்தான் குண்டுகள் வெடித்து, மே மாதத்தில் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்திருந்தன. பொதுச் சுவரில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை வர்ணம் பேசாமலே பேசியது. மூன்று வருடங்கள் போகவில்லை. 2022இல் அதே தலைமுறை அந்த ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பத் தெருவுக்கு வந்தது. சுவரை அழகாக்கினால் நாடு அழகாகிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு மெல்லிய பூச்சு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கிறுக்குகிறவர் யார் என்பதும் ஒரு கேள்வி. 2015 பெப்ரவரியில் கிழக்கிலிருந்து சீகிரியாவுக்குச் சுற்றுலா வந்த ஓர் ஏழைத் தமிழ்ப் பெண் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறிவிட்டாள். இரண்டு வருடச் சிறை. பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தாள். தொல்பொருளைச் சேதப்படுத்துவது குற்றம், அதில் விவாதம் இல்லை. ஆனால் அதே சுவரில் ஓராயிரம் வருடங்களுக்கு முன்னால் வந்துபோனவர்கள் கீறி வைத்தவற்றிலிருந்து 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான வாசித்தெடுத்து 1956இல் நூலாக வெளியிட்டார். சிங்கள இலக்கியத்தின் பெருஞ்செல்வம் என்று இன்று அவற்றைக் கற்பிக்கிறோம். நானும் இங்கே வந்தேன், நானும் இருந்தேன் என்று சொல்லும் ஆசை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இதனால் சுவரில் கிறுக்கலாம் என்று நான் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். பாடசாலை மலசலகூடச் சுவரில் எழுதும் பையனைத் தண்டிப்பதோடு ஆசிரியனின் கடமை முடிவதில்லை என்றுதான் சொல்கிறேன். அவனுக்குப் பெயர் எழுத வேறு இடம் கொடுத்தோமா? முன்பெல்லாம் பாடசாலைகளில் சுவர்ப் பத்திரிகை இருந்தது, கையெழுத்துச் சஞ்சிகை இருந்தது. நம்மில் பலர் எழுத்தாளரானது அங்கேதான். தோட்டப் பாடசாலைகளில் இன்று எத்தனையில் அவை இருக்கின்றன? அந்தப் பையனின் லயத்துக்குப் பக்கத்தில் வாசிகசாலை உண்டா, விளையாட்டு மைதானம் உண்டா, உட்கார்ந்து பேச ஒரு பூங்கா உண்டா? பட்டணத்துப் பூங்காவுக்கு விடுமுறையில் வந்தவன் பெயரைக் கீறுகிறான். தனக்கென்று எங்குமே இல்லாத ஒன்றைத் தனதென்று காப்பாற்றும்படி அவனிடம் கேட்கிறோம்.

மறுப்புகள் எவை என்று எனக்குத் தெரியும்.

“சொந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவழித்து வருகிறவனைக் குறை சொன்னால் நாளைக்கு யார் வருவார்?” உண்மையான தொண்டன் கேள்விக்குப் பயந்து ஓடமாட்டான். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மழை கொட்டி, பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து உயிர்களைக் காவுகொண்டன. அந்த நாட்களில் மண் அள்ளவும் சேறு கழுவவும் ஓடிவந்தவர்களில் பலர் பதாகைக்காகக் காத்திருக்கவில்லை, யார் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கவும் இல்லை. மனம் இருக்கிறது. அந்த மனம் அனர்த்தம் வந்தால் மட்டும் விழித்து, மற்ற நாட்களில் படம் பிடித்துத் திருப்தியடைவதே எனது முறைப்பாடு.

“கழிவகற்றுவது சபையின் வேலை, அதற்குத்தானே வரி கட்டுகிறோம், நாம் ஏன் குனிய வேண்டும்?” இது மறுமுனைச் சோம்பல். வரி கட்டியவனுக்குப் போடும் உரிமை கிடைத்துவிடுவதில்லை. கூட்டுகிற தொழிலாளி சம்பளம் வாங்குவது நமது அலட்சியத்தைச் சுமப்பதற்காக அல்ல.

“அரசாங்கமே ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று 2025 ஜனவரி முதலாம் திகதி ஆரம்பித்திருக்கிறதே, போதாதா?” அரசாங்கம் ஆரம்பித்தது நல்லது. ஆனால் கொழும்பில் ஆரம்பிக்கும் எந்தத் திட்டமும் மலையேறி வரும்போது எங்கே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது என்பது தோட்டத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். அது எல்லை தாண்டி உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மூன்று காரியங்கள் சொல்கிறேன். ஒன்றுக்கும் பதாகை தேவையில்லை.

முதலாவது, சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சபைக்குப் போவது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரைக்கும் கேட்பதற்கு ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். தோட்டக் குடியிருப்புக்கு லொறி கிழமைக்கு எத்தனை தடவை வருகிறது, வராவிட்டால் 2018 திருத்தத்துக்குப் பிறகும் ஏன் வரவில்லை என்று எழுத்தில் கேட்கலாம். ஒரு சிரமதானத்துக்குக் கூடும் நாற்பது பேர் ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டால் அது நாற்பது விளக்குமாற்றைவிட நீண்ட நாள் கூட்டும்.

இரண்டாவது, சிரமதானத்தை அந்த வேலை தெரிந்தவரின் தலைமையில் நடத்துவது. எந்தக் கான் எங்கே அடைக்கும், எந்தக் கடை எந்த நேரத்தில் கொட்டும், எந்த மூடையை எப்படிக் கட்டினால் கை வெட்டாது என்பதெல்லாம் அந்தத் தொழிலாளிக்குத்தான் தெரியும். பிரதம அதிதி ஆசனத்தை அவருக்குக் கொடுங்கள். அவர் சொல்லும் வேலையை அதிபரும் தலைவரும் மௌலவியும் ஆசிரியரும் செய்யட்டும். வந்தவர்களுக்குக் கொடுக்கும் கையுறையும் பாதணியும் அவருக்கு வருடம் முழுவதும் கிடைக்கிறதா என்று அன்றைக்கே கேட்கட்டும்.

மூன்றாவது, நமது பாடசாலைகளில். கூட்டும் முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக வரவேண்டும். கடைக்காரரின் மகன் கரும்பலகை துடைக்க, தொழிலாளியின் மகன் மலசலகூடம் கழுவ என்று எழுதாத நேரசூசி ஒன்று சில இடங்களில் இருக்கிறது. ஆசிரியர்களாகிய நாமே அதைப் போடுகிறோம். எழுதாத அந்த நேரசூசியைக் கிழித்தெறியாமல் சுற்றாடல் தினப் பேச்சுப் போட்டி நடத்துவதில் அர்த்தமில்லை.

பூங்காவைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். போவதற்கு முன்னால் அந்தப் பூங்காவைத் தினமும் கூட்டுகிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும். மதீனாவில் கேட்கப்பட்ட கேள்வியும் அதுதான்: அவர் எங்கே, ஏன் காணவில்லை? அந்தக் கேள்வி நமது வாயில் வராத வரைக்கும், நமது விளக்குமாறுகள் எத்தனை இடங்களைத் தொட்டாலும் நமக்குள் கிடக்கும் அழுக்கைத் தொடவில்லை என்றே எழுதுவேன்.